முத்தும் சிப்பியும்: ஹோமி பாபா தந்த அளவுகோல்

மன்னாரின் தென்பாலுள்ள அரிப்பும் சிலாவத்துறையும் முத்துக்குளிப்பினாற் பெயர்பெற்ற துறைகள். முத்துக்குளிப்பைச் சலாபம் என்பது நம் முன்னோர் வழக்கு. பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே, சலாபம் கூடுமுன் அரசினர் ஒரு காரியம் செய்வர். முத்துப்பாரிலிருந்து மாதிரிக்கெனச் சிப்பிகள் சிலவற்றை எடுப்பித்து, அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை வல்லுநரைக் கொண்டு மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு இத்துணை ரூபா பெறுமதி என்று கணக்கு முடிந்த பின்னரே குளிப்புக்கு நாள் குறிப்பர். முத்தின் ஒளியைக் கண்டு வியப்பவர் பலர். அம்முத்து எத்தனை சிப்பிக்கு ஒன்று எனக் கேட்பவர் சிலர். சிப்பியின் தொகையை அறியாதவன் முத்தின் அருமையையும் அறியான்.

இதனை இலக்கிய வகுப்பிலே பல்லாண்டு சொல்லி வந்தவன் நான். ஆயின், இதே நெறியைப் பௌதிக விஞ்ஞானத்துக்கு உதவிய பேரறிஞர் ஒருவரைப் பற்றி அதே வகுப்பிற் பிழைபடவும் சொல்லி வந்தேன். அப்பிழையைத் திருத்துதற்பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அப்பேரறிஞர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. பாரதத்தின் அணுசக்தித் துறைக்குத் தந்தை என அவரை உலகம் அறியும். நானோ, இளமையிற் பெற்ற அருங்கல்வியைப் பதவிக்காகக் கைநெகிழவிட்டவர்க்கு எடுத்துக்காட்டாக அவரைக் கூறுவது வழக்கம். சென்ற விடுமுறையில், முன்னர் என்னிடம் தமிழ் பயின்று இப்போது பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயிலும் மாணாக்கன் ஒருவன் என்னைக் காண வந்தான். வருங்காலத்திற் கட்டக் கருதியுள்ள துணிக்கை மோதற்பொறிகளின் அமைப்புக்களை ஒப்புநோக்கிக் கட்டுரை வரைவதாகச் சொன்னான். அவ்வமைப்புக்களுள் எதனை எடுத்தாலும் பாபாவின் பெயர் எதிர்ப்படுகின்றதே, ஐயா அவரைக் கல்வியைக் கைவிட்டவர் என்றீர்களே என்று பணிவோடு வினவினான். என்னிடம் விடையில்லை. விடுமுறை முடியும்வரை மாலைதோறும் தள்ளாடிப் பாலத்துப் பக்கம் அவனோடு உலாவி, அவனையே ஆசிரியனாகக் கொண்டு கற்றேன்.

பாபா 1909 ஒக்டோபர் 30ஆம் நாள் பம்பாயிலே செல்வமும் கல்வியும் நிறைந்த பார்சிக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் சட்டம் கற்றவர். அத்தையார் டாட்டா குடும்பத்து டோராப்ஜி டாட்டாவின் மனைவியார். வீட்டிலே நூல்களும் மேனாட்டு இசையும் ஓவியமும் சிறுவனைச் சூழ்ந்திருந்தன. 1927இற் கேம்பிரிட்ஜ் சென்று பொறியியல் கற்கத் தொடங்கினார். மகன் பொறியியலாளனாகி டாட்டாவின் இரும்பாலையில் அமரவேண்டும் என்பது குடும்பத்தார் விருப்பம். மகனின் உள்ளமோ பௌதிகத்தை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினால் மேலும் கணிதம் கற்கலாம் எனத் தந்தையார் உடன்பட்டார். 1930இல் அவ்வாறே சித்தியெய்தி, 1932இற் கணிதத்திலும் முதல் வகுப்புப் பெற்றார். பெற்றோர் சொல்லையும் தட்டாது, தன் நெஞ்சையும் வஞ்சியாது நடத்தல் எளிதன்று. அதனை இருபத்திரண்டு வயதிலே செய்து முடித்தவர் அவர்.

அக்காலத்துக் கேம்பிரிட்ஜ் புதிய பௌதிகத்தின் தலைநகர் போன்றிருந்தது. 1932இல் அங்கே சட்விக் நியூத்திரனைக் கண்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில் அண்டர்சன், இலத்திரனுக்கு எதிர்மாறான ஏற்றமுடைய பொசித்திரனைக் கண்டார். அத்தகைய துணிக்கை இருத்தல் வேண்டும் என்பதை முன்னரே கணிதத்தால் உய்த்துணர்ந்த டிராக், கேம்பிரிட்ஜிலே பேராசிரியராக இருந்தார். இச்சூழலிலேதான் பாபா தம் பெயரை நிலைநிறுத்திய கேள்வியை எழுப்பினார். ஓர் இலத்திரனும் ஒரு பொசித்திரனும் எதிர்ப்பட்டால் அவை எவ்வெக் கோணங்களில், எவ்வெவ்வளவிற் சிதறும்?

இதற்கு அவர் கண்ட விடையை என் போன்ற தமிழாசிரியனுக்குப் புணர்ச்சி இலக்கணம் தெளிவாக்குகின்றது. பொன்னும் மலையும் புணர்ந்து பொன்மலை ஆகும்போது எழுத்து மாறுவதில்லை, அஃது இயல்பு. மரமும் வேரும் புணர்ந்து மரவேர் ஆகும்போது ஓரெழுத்துக் கெடுகின்றது. பிறவிடங்களிற் புதிய எழுத்துத் தோன்றுகின்றது. இலத்திரனும் பொசித்திரனும் சந்திக்கும்போதும் இவ்வாறே இருவழிகள் உள. ஒன்றையொன்று ஈர்த்து விலகிச் செல்லுதல் ஒருவழி. இரண்டும் ஒருங்கே கெட்டு, அவற்றின் சக்தியிலிருந்து புதியதோர் இணை தோன்றுதல் மற்றொரு வழி. வெளியே வருவன எவ்வழியில் வந்தன என்று பிரித்துக் காட்டல் இயலாது. இருவழிகளையும் சேர்த்தே கணித்தல் வேண்டும். 1935இல் எழுதப்பெற்று மறு ஆண்டு றோயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்த ஆய்வுரையில் இக்கணக்கை அவர் முடித்துக் காட்டினார். இன்று அந்நிகழ்ச்சிக்குப் பாபா சிதறல் என்றே பெயர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இலத்திரனையும் பொசித்திரனையும் எதிரெதிரே ஓடவிட்டு மோதச் செய்யும் பொறி அன்று உலகில் எங்கும் இல்லை.

1937இல் ஹைட்லரோடு சேர்ந்து அண்டக் கதிர்ப் பொழிவுக்கு விளக்கம் கண்டார். வானிலிருந்து வரும் விரைவு மிக்க ஓர் இலத்திரன் சடப்பொருளினூடே புகும்போது ஒளிக் கதிரை வீசும். அக்கதிர் ஓர் இணையைப் பிறப்பிக்கும். அவை மீளவும் கதிர் வீசும். ஒன்று பலவாகிப் பெருகிச் சக்தி தீர்ந்தபின் அடங்கும். இன்றைய மோதற்பொறிகளிற் சக்தியை அளக்கும் கருவிகள் பல இப்பொழிவைத் தம்முள்ளே நிகழச் செய்து அளப்பனவே.

அவர் சொல்லாராய்ச்சியிலும் வல்லவர் என்பதை அறிந்தபோது எனக்குண்டான மகிழ்ச்சி பெரிது. இலத்திரனுக்கும் புரோத்தனுக்கும் இடைப்பட்ட திணிவுடைய துணிக்கை ஒன்று அண்டக் கதிரிலே காணப்பட்டபோது, அதற்கு மெசொத்திரன் என்னும் பெயர் வழங்கலாயிற்று. நடு என்னும் பொருளுடைய கிரேக்கப் பகுதியில் அந்தத் திரகர ஒலிக்கு இடமில்லை, இலத்திரன், நியூத்திரன் என்பவற்றில் அது பகுதியைச் சார்ந்தே வந்தது, ஆதலின் மீசோன் என்பதே தகும் என்று 1939இல் அவர் எழுதினார். பகுதி விகுதி பிரித்து வழுக் களைந்த அப்பணி எந்த இலக்கண ஆசிரியனுக்கும் உவப்புத் தருவதாகும்.

அதற்கு முந்திய ஆண்டிலே மற்றொரு கருத்தை வெளியிட்டிருந்தார். இத்தகைய துணிக்கை தானே சிதைந்தழியும் இயல்பினதாயின், அது விரைந்து செல்லுந்தோறும் அதன் ஆயுள் நமக்கு நீண்டு தோன்றும். அதனை அளந்தால் ஐன்ஸ்ரைன் கொள்கைக்கு நேர்ச் சான்று கிடைக்கும் என்பது அக்கருத்து. இதன் பயன் பின்னர் விளங்கும்.

1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தபோது உலகப் போர் மூண்டது. கேம்பிரிட்ஜ் திரும்ப இயலாது பெங்களூர் விஞ்ஞானக் கழகத்திற் சேர்ந்தார், அங்கே ச. வெ. இராமன் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1941இல் றோயல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். போர் முடிந்தபின் மேனாட்டுக் கழகங்கள் அவரை ஏற்கக் காத்திருந்தன. எனினும், பிறநாட்டார் ஆய்வுகூடத்திற் பெயர் பெறுவதினும் தன் நாட்டில் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவுதல் கடன் என்று துணிந்தார். 1944 மார்ச்சில் டாட்டா அறநிலையத்துக்கு எழுதினார். 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. 1948இல் அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவரானார். 1956 ஓகத்தில் ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றாகிய அப்சரா இயங்கத் தொடங்கியது. அவர் தொடக்கி வைத்த நிறுவனத்தின் ஆய்வாளர், தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார்த் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலே, யப்பானிய, பிரித்தானிய அறிஞருடன் கூடி, வளிமண்டலத்திற் பிறந்த நியூத்திரினோவின் அடையாளத்தை 1965இற் கண்டனர்.

இவ்வாண்டுகளில் அவர் தம் கையாற் செய்த கணிதம் குறைந்தது உண்மை. அணுவாயுதம் பற்றிய அவர் நிலைப்பாடு இன்றும் விவாதத்துக்கு உரியது. அரசாங்கக் கோப்புக்கள் ஒரு நுண்ணறிவாளனின் நாட்களை உண்டன என்று வருந்துவார் உளர். யானும் அவருள் ஒருவன். ஆயின், அவர் கல்வி கைவிடப்பட்டதா என்பது வேறு வினா. அதற்கு விடை அவர் மறைவின் பின்னரே வளரத் தொடங்கியது.

1961இல் இத்தாலியின் பிரஸ்காற்றியிலே தூஷெக் என்னும் அறிஞரின் எண்ணப்படி, இலத்திரனும் பொசித்திரனும் எதிரெதிரே சுற்றும் முதற் சிறுவளையம் இயங்கியது. அதன் வழித்தோன்றலாக ஜெனீவாவின் அருகே 27 கிலோமீற்றர்ச் சுற்றளவுள்ள பெருவளையம் 1989 முதல் 2000 வரை தொழிற்பட்டது. அதன் சுரங்கத்திலேயே பின்னர் அமைந்த புரோத்தன் பொறியில் 2012இல் ஹிக்ஸ் துணிக்கை வெளிப்பட்டது. இனி அத்துணிக்கையை ஐயமற ஆராய்தற்கு எவ்வகைப் பொறி கட்டுவது என்பதே இன்று அறிஞர் முன்னுள்ள வழக்கு. வளையமா, நேர்கோடா என அவ்வழக்கைச் சுருங்கச் சொல்லலாம்.

வளையம் என்பது செக்கைச் சுற்றும் எருதைப் போன்றது. ஒருமுறை ஓட்டிய துணிக்கையே மீண்டும் மீண்டும் வந்து மோதும். ஆதலின் மோதல்கள் மிகப் பல. ஆனால் வளைந்து செல்லும் இலத்திரன் ஒவ்வொரு வளைவிலும் ஒளியை வீசிச் சக்தியை இழக்கும். வளையத்தின் அளவு மாறாதிருக்கச் சக்தியை இருமடங்காக்கினால் இழப்பு 16 மடங்காகும். ஆகவே வளையத்தைப் பெரிதாக்க வேண்டும். நேர்கோடோ வில்லினின்று விட்ட அம்பு. வளைவில்லை, வளைவால் வரும் இழப்பும் இல்லை. பின்னர் நீளத்தைக் கூட்டிச் சக்தியை உயர்த்தலாம். ஆனால் ஒருமுறை எய்த அம்பு மீளாது. ஒவ்வொரு மோதலுக்கும் புதிதாக ஓட்டவேண்டும்.

இவற்றின் பருமையை என் மாணாக்கன் நம் தீவைக்கொண்டே விளக்கினான். மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஜெனீவாவில் எண்ணியுள்ள புதிய வளையத்தின் சுற்றளவு 90.7 கிலோமீற்றர், அதன் குறுக்களவே நம் தீவின் நீளத்தை ஒட்டி வரும். சீனர் வரைந்த வளையம் 100 கிலோமீற்றர். யப்பானின் கிட்டக்காமி மலையடியில் அமைக்கக் கருதிய நேர்பொறி 20 கிலோமீற்றர். மன்னாரிலே தொடங்கினால் பேசாலையைக் கடந்து நிற்கும். ஜெனீவாவில் வரைந்த மற்றொரு நேர்பொறியின் முதற்படி 11 கிலோமீற்றர். அது பேசாலையை எட்டாது. குறைந்த சக்தியில் மிகப் பல மோதல்கள் வேண்டின் வளையம் வெல்லும். அவ்வளையம் எட்டாத உயர்சக்தியை நாடின் நேர்கோடு வெல்லும். வளையத்துக்கு வேறொரு நயமும் உண்டு. இலத்திரன் பணி முடிந்தபின் அதே சுரங்கத்திற் புரோத்தன் பொறியை அமைக்கலாம். ஜெனீவா வளையத்தின் முதற்கட்டச் செலவு ஏறத்தாழ 1,500 கோடி சுவிஸ் பிராங்க் என்று 2025 மார்ச்சில் வெளிவந்த அறிக்கை கணித்தது. முடிவு 2028 அளவில் எதிர்பார்க்கப்பட்டது.

மூன்றாவது அமைப்பு ஒன்றும் ஆராயப்படுகின்றது. அதிலே மோதுவன மியூவோன்கள். அண்டக் கதிரில் அன்று கண்ட அந்த இடைப்பட்ட துணிக்கையே மியூவோன். அதன் திணிவு இலத்திரனைப்போல் 207 மடங்கு. ஆதலின் ஒரே சக்தியில், ஒரே வளையத்தில் அதன் ஒளியிழப்பு 180 கோடி மடங்குக்கு மேற் குறையும். சிறிய வளையமே போதும். ஆனால் ஓய்விலுள்ள மியூவோனின் ஆயுள் ஒரு விநாடியின் பத்திலட்சத்தில் 2.2 பங்கே. அதனைக் கொண்டு பொறி இயற்றுவது எங்ஙனம்? இங்கேதான் 1938இற் பாபா சொன்னது துணையாகின்றது. எண்ணியுள்ள உயர்ந்த சக்தியில் அதன் ஆயுள் விநாடியின் பத்திலொரு பங்காக நீளும். அதற்குள் 10 கிலோமீற்றர் வளையத்தை ஏறக்குறைய மூவாயிரம் முறை சுற்றிவிடும். அண்டக் கதிரை நோக்கி அவர் எழுதிய கருத்தே ஒரு பொறியின் உயிர்நிலை ஆயிற்று.

இனிச் சிப்பிக்கு வருவோம். ஒரு பொறியிலே அரிய துணிக்கை நூறு தோன்றின என்றால் அது மிகுதியா, குறைவா? எத்தனை மோதலுக்கு நூறு என்று அறிந்தாலன்றிச் சொல்ல இயலாது. அத்தொகையை அறிதற்கு, நிகழ்தகவு ஐயமின்றித் தெரிந்த ஒரு நிகழ்ச்சி வேண்டும். இலத்திரனும் பொசித்திரனும் மோதும் பொறிகளில் அந்நிகழ்ச்சி பாபா சிதறலே. சிறு கோணத்தில் விலகிச் செல்லும் இணைகளை எண்ணினால், அவர் கணக்கையும் அதன்மேற் பின்வந்தோர் செய்த நுண்திருத்தங்களையும் கொண்டு மோதல்களின் அளவு தெரியவரும். அஃது ஆயிரம் சிப்பிக்கு என்ற கணக்கைப் போன்றது. பழைய பெருவளையத்தில் அவ்வாறே எண்ணினர். பாபா நிறுவிய டாட்டா நிறுவனத்தாரும் அங்கே ஒரு பரிசோதனையிற் பங்கு கொண்டனர்.

அந்த எண்ணிக்கை எத்துணை நுட்பமானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இயற்கையில் இலேசான நியூத்திரினோ எத்தனை வகை என அப்பெருவளையத்தில் அளந்தபோது 2.984 என்ற எண் கிடைத்தது. மூன்றுக்குச் சிறிது குறை. புதிய இயற்கை விதி ஒன்று ஒளிந்திருக்கின்றதோ எனப் பல்லாண்டு ஐயுற்றனர். 2019இல் அறிஞர் சிலர் காரணத்தைக் கண்டனர். எதிரே வரும் துணிக்கைக் கூட்டத்தின் ஈர்ப்பினால், பாபா சிதறலில் வெளிவந்தவை சற்றே உள்வளைந்து, சில கருவிக்குத் தப்பியிருந்தன. ஆயிரத்தில் ஏறத்தாழ ஒன்று எண்ணாது விடப்பட்டது. அதனைத் திருத்திக் கணக்கையும் செம்மை செய்தபோது, 2020இல் எண் 2.9963 ஆயிற்று. மூன்று மூன்றாகவே நின்றது. முத்திற் குறையில்லை, சிப்பியை எண்ணியதிலேதான் குறை. வரவிருக்கும் பொறிகளிலோ பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழைக்கும் இடந்தராது எண்ண வேண்டும் என்கின்றனர். வளையம் வென்றாலும் நேர்கோடு வென்றாலும் அளவுகோல் அதுவே.

அவர் முடிவை எழுதுவது எளிதன்று. 1955 ஓகத்தில் ஜெனீவாவிற் கூடிய அணுசக்தி ஆக்கப்பணி மாநாட்டுக்குப் பாபா தலைமை தாங்கினார். பத்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம் கழித்து, 1966 சனவரி 24ஆம் நாள், வியன்னாவில் நடைபெறவிருந்த கூட்டத்துக்குச் செல்லும் வழியில் அதே ஜெனீவாவை நோக்கி வந்துகொண்டிருந்தார். இறங்குவதற்குச் சில நிமிடங்களே இருந்த நிலையில் விமானம் மொன் பிளாங்க் மலையில் மோதியது. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். பிரெஞ்சு விசாரணைக் குழு கண்ட முடிவை என் மாணாக்கன் வாசித்துப் பொருள் சொன்னபோது நான் நெடுநேரம் பேசவில்லை. விமானத்தின் நிலைகாட்டும் கருவி ஒன்று பழுதுற்றிருந்தது. விமானி தம் இடத்தைப் பிழையாகக் கணித்தார். தரையிலிருந்தவர் பிழையைக் கண்டு சரியான இடத்தை அறிவித்தார். ஆயின் அவ்வறிவிப்பின் சொல்லமைதி போதிய தெளிவுடையதாக இல்லை. மலையைக் கடந்துவிட்டதாக விமானி பொருள்கொண்டு கீழிறங்கினார்.

வேண்டாத ஓரொலியை ஒரு பெயரிலிருந்து களையப் போராடியவரும், ஒரு சிதறலை ஐயமற அளந்தவரும் ஆகிய பெருமகன், அளவின் பிழையும் சொல்லின் பிழையும் கூடியவிடத்தில் மறைந்தார். அம்மலை நிற்கும் ஓட்-சவோய் மாவட்டத்தின் நிலத்தடியேதான் ஜெனீவாவின் புதிய வளையம் செல்லுமெனக் கோடு வரைந்துள்ளனர். அது கட்டப்பட்டால், அங்கே எண்ணப்படும் முதல் நிகழ்ச்சிகளுள் பாபா சிதறலும் இருக்கும்.

சொல்லின் தெளிவு தேர்வில் மதிப்பெண்ணுக்கு உரியது என்றே இதுவரை கற்பித்து வந்தேன். அது மனிதருடைய உயிருக்கும் உரியது என்பதை ஐம்பது வயது கடந்தபின் ஒரு மாணாக்கனிடம் கற்றேன். பாபாவைப் பற்றி நான் சொல்லிய சொல்லும் தெளிவற்றதே. ஒருவன் எழுதுவதை நிறுத்தினான் என்பதும், எழுதியதைக் கைவிட்டான் என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கூறியது என் வழு. அவ்வழுவைக் கேட்டுச் சென்ற மாணாக்கர் பலர் இன்று ஊர்தோறும் ஆசிரியராய் இருக்கின்றனர். அவர்கள் கண்ணில் இக்கட்டுரை படுமாயின், தம் மாணாக்கர்க்கு அதனைத் திருத்திச் சொல்வார்களாக.